ரொட்டிக்கு ஒரு சட்டம், சுடும் கைக்கு ஒரு மரியாதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிரான்சு நாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக் கொண்டார்கள். வீட்டில் சொன்னவுடன் என் அம்மா கேட்டார்: "ஐஃபல் கோபுரத்தைத்தான் எல்லாரும் நாள்காட்டியிலேயே பார்த்தாச்சே. அந்த ஊரு ஜனங்க என்ன சாப்பிடுறாங்க, எப்படிப் பேசிக்கிறாங்க, அதைச் சொல்லேன்?" அம்மா கேட்டதே நல்ல தலைப்பாகப் பட்டது. ஆகவே இன்று கோபுரமும் இல்லை, வாசனைத் திரவியமும் இல்லை. ஒரு ரொட்டி, ஒரு வணக்கம், ஒரு சாப்பாட்டு மேசை, இந்த மூன்றைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன். இவற்றில் நமக்கு, அதாவது பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் நமக்கு, என்ன பாடம் இருக்கிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பிரான்சு நமக்கு அவ்வளவு தூரமா?

பிரெஞ்சுக்காரர்கள் என்றால் நமக்குச் சம்பந்தம் இல்லாதவர்கள் என்று நினைக்கிறோம். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் பக்கம் போய்ப் பாருங்கள். 1905ஆம் ஆண்டு ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சு இளைஞர் மலாயாவுக்கு வந்தார். தோட்டத் தொழிலைக் கற்றார். கூடவே மலாயும் தமிழும் கற்றார். தமிழ் தெரியாமல் அன்றைய தோட்டத்தில் ஒரு துரை வேலை வாங்க முடியாதே! அடுத்த ஆண்டே சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் குடியேறி, பால்மரம் நட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் ஊரில், நம் நாட்டின் முதல் வணிக முறைச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கியவரும் அவர்தான். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். நட்டது பிரெஞ்சுத் துரை, நின்றது செம்பனை, பெயரோ தமிழ்!

அதோடு முடியவில்லை. அவர் மலாயா வாழ்க்கையை ஒரு நாவலாகவும் எழுதினார். அதன் பெயர் 'மலேசி'. 1930ஆம் ஆண்டு பிரான்சின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு அந்த நாவலுக்குக் கிடைத்தது. மலாய்ப் பந்துன்களை அதில் ஆங்காங்கே சேர்த்திருக்கிறார். பாரிஸ் வாசகர்கள் சிலாங்கூர் காட்டையும் தோட்டத்தையும் அறிந்து கொண்டது இப்படித்தான்.

அவர் இங்கு வந்து நம் மொழியைக் கற்றார். ஆனால் அங்கே போகும் நம்மில் பலர் நான்கு இடத்தில் நின்று படம் எடுத்துக் கொண்டு திரும்பி விடுகிறோம். ஊரைப் பார்த்து வருவது ஒன்று, ஊரை அறிந்து வருவது வேறொன்று. அறிய வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும், பேசுவதற்கும் சரி, சாப்பிடுவதற்கும் சரி.

முதல் சொல் வணக்கம்

பாரிஸில் ஒரு கடைக்குள் நுழைகிறீர்கள். எதை வாங்கப் போகிறீர்கள் என்பது பிறகு. முதலில் 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். அதாவது வணக்கம். வெளியே வரும்போது 'ஓ ருவார்', போய் வருகிறேன். இதைச் சொல்லாமல் நேராக "இது என்ன விலை?" என்று கேட்டால், கடைக்காரர் முகம் மாறும். சுற்றுப் பயணிகள் பலர் "பிரெஞ்சுக்காரர்களுக்குத் திமிர் அதிகம்" என்று சொல்லிக் கொண்டு வருவது இதனால்தான். அவர்கள் கணக்கில் கடை என்பது இன்னொருவர் இடம். வாசலைத் தாண்டியதும் அந்த இடத்துக்கு உரியவருக்கு வணக்கம் சொல்வது மரியாதை. யோசித்துப் பார்த்தால் இது நம் வீட்டுப் பழக்கமும்தான். ஒருவர் வீட்டுக்குள் போய், வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் நேரே குசினிக்கா போவோம்?

இன்னொன்று தமிழருக்கு உடனே பிடிபடும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். பாட்டிக்கும் அதே, பேரனுக்கும் அதே. பிரெஞ்சில் அப்படி இல்லை. 'து' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். அறிமுகம் இல்லாதவரிடம், பெரியவரிடம், கடைக்காரரிடம் 'வூ' தான். பழகிய பிறகு, "நாம் நீ என்றே பேசிக் கொள்ளலாமே" என்று ஒருவர் சொல்வார், மற்றவர் சரி என்பார். அதற்குப் பிறகுதான் 'து'. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது தலைவலி. நமக்கோ தாய்ப்பாலில் வந்தது. கோலாலம்பூரில் பிரெஞ்சு மொழி கற்றுத் தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடத்தில் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாடத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

சாப்பாட்டில் ஒதுக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் உண்டு, முழுச் சைவம் உண்டு. அங்கே சில குழம்புகளில் மதுவும் சேர்ப்பார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

ரொட்டிக்கு ஏன் சட்டம்?

நம் ஊர்ப் பேரங்காடிகளில் 'ரொட்டி பெரஞ்சிஸ்' என்று நீளமாக ஒன்று விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதன் தாய் வீடுதான் பிரான்சு. அங்கே அதற்கு 'பகெத்' என்று பெயர். கைத்தடி போல நீளம், வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. எடை ஏறக்குறைய 250 கிராம். காலையிலும் மாலையிலும் அதைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு மக்கள் நடந்து போவதைப் பாரிஸில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். சூடான ரொட்டியின் முனையைப் பிய்த்து, வீடு வந்து சேர்வதற்குள்ளேயே தின்று விடுவார்கள். கடைக்குப் போகும் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும்தான்.

ரொட்டியைச் சுற்றி எத்தனை நம்பிக்கைகள் தெரியுமா? மேசையில் ரொட்டியைத் தலைகீழாக வைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் தூக்குத் தண்டனை நிறைவேற்றுபவருக்கு ஒதுக்கிய ரொட்டியைத்தான் ரொட்டிக்காரர் கவிழ்த்து வைப்பாராம். ஆகவே கவிழ்ந்த ரொட்டி அபசகுனம். நாமும் சோற்றைக் காலால் மிதிக்கக் கூடாது, வீணடிக்கக் கூடாது என்று சொல்லித்தானே வளர்க்கப்பட்டோம்?

நம்பிக்கையோடு அவர்கள் நிற்கவில்லை. சட்டமும் போட்டார்கள். எந்திரத் தொழிற்சாலைகளும் உறைய வைத்த மாவும் வந்த பிறகு ரொட்டியின் தரம் குறைந்து கொண்டே போனது. 1993ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 'பிரெஞ்சு மரபு ரொட்டி' என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் மாவு, தண்ணீர், உப்பு, நொதி, இவைதான் அடிப்படை. செயற்கைச் சேர்மானம் கூடாது. எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. 1998இல் இன்னொரு சட்டம். மாவு பிசைவது முதல் சுடுவது வரை விற்கும் இடத்திலேயே செய்தால்தான் ஒரு கடை தன்னை 'பூலான்ஜெரி', அதாவது ரொட்டிச் சுடுமனை, என்று அழைத்துக் கொள்ளலாம். வெளியிலிருந்து உறைந்த மாவை வாங்கிச் சுட்டு விற்பதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைப் போட்டுக் கொள்ள முடியாது.

இதைக் கேட்டபோது, "ஒரு ரொட்டிக்கு இவ்வளவு கெடுபிடியா?" என்றுதான் எனக்கும் தோன்றியது. பிறகுதான் காரணம் விளங்கியது. பிரான்சில் 1970இல் சுமார் 55,000 ரொட்டிச் சுடுமனைகள் இருந்தன. 2022 வாக்கில் அது ஏறத்தாழ 35,000 ஆகச் சுருங்கி விட்டது. கிராமத்தில் ரொட்டிக் கடை மூடினால், காலையில் நான்கு பேர் சந்தித்துப் பேசும் இடமும் சேர்ந்தே மூடுகிறது. அந்தக் கவலையோடுதான் யுனெஸ்கோவுக்கு விண்ணப்பித்தார்கள். 2022 நவம்பர் 30ஆம் தேதி, பகெத் ரொட்டி சுடும் கைத்திறனும் அதைச் சார்ந்த பண்பாடும் உலகின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்ந்தன. தின்று தீர்க்கும் பொருளைப் பட்டியலிட்டு என்ன பயன்? அவர்கள் பட்டியலிட்டது பொருளை அல்ல, கைத்திறனை.

அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுத்த தமிழர்

இனி நான் சொல்லப் போவதைக் கேட்டால் உங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

பாரிஸ் நகராட்சி 1994 முதல் ஆண்டுதோறும் சிறந்த மரபு பகெத்துக்கான போட்டி நடத்துகிறது. ரொட்டிக் கடைக்காரர்கள் தங்கள் ரொட்டிகளைக் கொண்டு வந்து கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். யார் சுட்டது என்று நடுவர்களுக்குத் தெரியாது. குலுக்கலில் தேர்வான பொதுமக்களும் நடுவர் குழுவில் அமர்வார்கள். நீளம், எடை, உப்பு எல்லாம் அளவுக்குள் இருக்க வேண்டும். அளவு தவறினால் சுவைக்கும் முன்னரே வெளியே. அதன் பிறகு தோற்றம், வெந்த பதம், உட்பகுதி, மணம், சுவை ஆகியவற்றுக்குப் புள்ளி. வெல்பவருக்கு 4,000 யூரோ பரிசு. அதைவிடப் பெரிய பரிசு, ஓராண்டுக் காலம் பிரெஞ்சு அதிபரின் எலிசே மாளிகைக்கு அவர்தான் ரொட்டி கொடுப்பார்.

2023ஆம் ஆண்டு அந்தப் போட்டியில் வென்றவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையிலிருந்து 2006இல் பிரான்சுக்குப் போன தமிழர். பாரிஸின் 20ஆம் வட்டாரத்தில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர். பிரெஞ்சுக்காரர் தம் உயிராக நினைக்கும் ரொட்டியை, அவர்கள் ஊரில், அவர்களையே போட்டியில் வென்று, அவர்கள் அதிபரின் மேசைக்கு அனுப்பியது ஒரு தமிழ்க் கை. அவருக்கு முன்பும் துனீசியா, செனகல் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அந்தப் பரிசை வென்றிருக்கிறார்கள்.

குடியேறியவர்களுக்குப் பிரான்சில் எல்லாம் பூப்பாதை என்று நான் சொல்ல வரவில்லை. வேலை தேடுவதிலும் வீடு தேடுவதிலும் நிறமும் பெயரும் குறுக்கே நிற்கும் கதைகள் அங்கேயும் உண்டு. ஆனால் அந்த மேசை மேல் ரொட்டிக்கு எண் மட்டும்தான். விதி எழுதி வைக்கப்பட்டிருந்தது. விதி எழுத்தில் இருந்ததால் வெளியூர்க்காரரும் அதைக் கற்க முடிந்தது. கற்றவர் வெல்ல முடிந்தது. "இது எங்கள் பரம்பரை இரகசியம், உனக்கு வராது" என்று மூடி வைத்திருந்தால், தர்ஷனும் வந்திருக்க மாட்டார், அந்த ரொட்டிக்கும் ஒரு நல்ல கை கிடைத்திருக்காது.

பட்டியலில் இருப்பது பதார்த்தம் அல்ல

அடுத்தது மேசை. 2010 நவம்பரிலேயே பிரெஞ்சு விருந்துணவு யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்று விட்டது. எந்தப் பதார்த்தம் என்று தேடினால் கிடைக்காது. அவர்கள் பதிவு செய்தது உண்ணும் முறையை. உறவும் நட்பும் கூடும் விருந்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. சிறு பானத்தோடு தொடங்கும். முதல் உணவு, அதன் பின் காய்கறியோடு மீன் அல்லது இறைச்சி, பிறகு பாலாடைக்கட்டி, கடைசியில் இனிப்பு. மேசை அழகாக அமைய வேண்டும். சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றியே பேச வேண்டும். இந்தத் தக்காளி எந்த ஊர், இந்தப் பாலாடைக்கட்டி யார் செய்தது என்று பேச்சு நீளும்.

பாலாடைக்கட்டியிலும் ஊர்ப் பெயர் விளையாட்டல்ல. ரோக்ஃபோர் என்ற கட்டி ஆட்டுப்பாலில், அதிலும் செம்மறியாட்டுப் பாலில், செய்து அந்த ஊர்க் குகையில் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். 1925ஆம் ஆண்டிலேயே அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. நம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல்தான். தாமதமானாலும் நல்ல காரியம்.

விருந்து என்றில்லை, வேலை நாளிலும் மதிய உணவுக்கு மதிப்புண்டு. பணியாளர்கள் வேலை செய்யும் மேசையிலேயே சாப்பிடுவதை முதலாளி அனுமதிக்கக் கூடாது என்று பிரெஞ்சுத் தொழிலாளர் விதிகளில் இருக்கிறது. கோவிட் காலத்தில், 2021இல், தொற்றுக்குப் பயந்து அதைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியிருந்தது. கணினித் திரையைப் பார்த்தபடியே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் நமக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் நேயர்களே, வரிசையும் முறையும் நமக்குப் புதிதா? வாழை இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், உப்பு எங்கே, இனிப்பு எங்கே, குழம்பு முதலா இரசம் முதலா, மோர் எப்போது, சாப்பிட்டு முடித்து இலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று நம்மிடம் ஒரு முழுச் சாத்திரமே இருக்கிறது. பிப்ரவரி 2ஆம் தேதி பிரெஞ்சு வீடுகளில் 'கிரெப்' சுடுவார்கள். கோதுமை மாவைக் கரைத்து, கல்லில் மெல்லியதாக ஊற்றி எடுப்பது. ஒரு கையில் நாணயத்தைப் பிடித்துக் கொண்டு மறு கையால் சட்டியைச் சுண்டி அதைத் திருப்பிப் போட்டால் அந்த ஆண்டு வீட்டில் பணம் தங்கும் என்பது நம்பிக்கை. பார்த்தவுடன் நம்மவர் யாராக இருந்தாலும் "அட, தோசை!" என்றுதான் சொல்வார். அவர்கள் தங்கள் முறையை எழுதி வைத்து உலகத்திடம் காட்டினார்கள். நாம் நம் முறையைப் பாட்டியின் நினைவில் விட்டு வைத்திருக்கிறோம்.

இரயில் நிலையத்துப் பக்கம் ஒரு யாழ்ப்பாணம்

பாரிஸின் வடக்கு இரயில் நிலையத்தை ஒட்டி லா ஷப்பல் என்ற பகுதி. நம் பிரிக்பீல்ட்ஸ் போலவே இரயில் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒரு தமிழ் உலகம். இலங்கைத் தமிழர்கள் 1983க்குப் பின் அகதிகளாகப் போய்ச் சேர்ந்த இடம். புடவைக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, கொத்து ரொட்டி எல்லாம் உண்டு. 1985இல் அமைந்த மாணிக்க விநாயகர் ஆலயம் அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தேர் இழுப்பார்கள். பாரிஸ் தெருவில் மலை மலையாகத் தேங்காய் உடையும். வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போன கண்களுக்கு அந்தத் தேர் அந்நியமாகத் தெரியாது. நம் ஊர் இரயில்வேயில் வேலை பார்க்க வந்தவர்களும் அதே யாழ்ப்பாணத்துக்காரர்கள்தானே.

இத்தனை நல்லது சொன்ன நான் மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் அது நேர்மையல்ல. இந்தியப் பெருங்கடலில் ரெயூனியன் என்ற தீவு. இன்றும் அது பிரான்சின் ஒரு பகுதி. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போனார்கள். நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த அதே கதை. இன்று அங்கே குடும்பப் பெயர் தமிழாக இருக்கும், முதல் பெயர் பிரெஞ்சாக இருக்கும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். முருங்கைக்கீரை 'ப்ரேத் முரும்' என்ற பெயரில் கறியாகிறது. நம் வடை அங்கே 'போன்போன் பிமான்' ஆகி மாலைத் தின்பண்டமாக விற்கிறது. நாக்கில் சுவை இருக்கிறது. மொழிதான் இல்லை. வீட்டில் பேசும் மொழியாகத் தமிழ் அங்கே நிலைக்கவில்லை. இப்போது வகுப்பு வைத்துத் திரும்பக் கற்கிறார்கள்.

ஏன் இப்படி? தன் ரொட்டிக்குச் சட்டம் போட்டுக் காத்த அதே பிரான்சு, பள்ளிக்கூடத்தில் தன் மொழி ஒன்றுக்கே இடம் கொடுத்தது. தன்னுடையதை நேசிப்பதும், அடுத்தவருடையதற்கு இடம் விடாமல் இருப்பதும் சில நேரம் ஒரே வீட்டில் குடியிருக்கும். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் வாழும் நாம் இந்த வேறுபாட்டை உணர்ந்து பார்க்க வேண்டும். பிரான்சிடமிருந்து எதை எடுத்துக் கொள்வது, எதை விட்டு விடுவது என்பதை ரெயூனியன் தீவு நமக்குச் சொல்லித் தருகிறது.

ரொட்டி சானாய்க்காரரின் பெயர் என்ன?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2024 டிசம்பரில் மலேசியாவின் பசியாறும் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் முன்னால் எல்லா இனத்தவரும் ஒரே கடையில் உட்கார்ந்து பசியாறும் நம் காலைப் பொழுது. பகெத் இருக்கும் அதே பட்டியல்! நம் முன்னோர் கொண்டு வந்த கைப்பக்குவமும் அதற்குள் இருக்கிறது. மாவைப் பிசைந்து, நெய்யோ எண்ணெயோ தடவி ஊற வைத்து, விசிறி போலக் காற்றில் வீசி, மடித்து, கல்லில் போட்டு, கடைசியில் இரு கையாலும் தட்டி உதிர்ப்பது எவ்வளவு பெரிய கலை! முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு கேள்வி. பாரிஸில் சிறந்த ரொட்டி சுட்டவரின் பெயர் உலகச் செய்தியாகிறது. நீங்கள் பத்து ஆண்டுகளாகப் பசியாறும் கடையில் ரொட்டி வீசுபவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? "அண்ணே, ஒரு ரொட்டி கோசோங், ஒரு தே ஓ" என்கிறோம். அந்த அண்ணனுக்குப் பெயர் ஒன்று உண்டு. ஊர் ஒன்று உண்டு. அந்தக் கை எத்தனை ஆண்டு பழகியது என்ற கணக்கும் உண்டு. நாம் கேட்டதில்லை.

நம் சாப்பாட்டுக் கடைகளில் ஆள் பற்றாக்குறை என்று இந்திய உணவக உரிமையாளர் சங்கமான பிரிமாஸ் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க அனுமதி கேட்டு நடையாய் நடக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை? சம்பளமும் வேலை நேரமும் பெரிய காரணம், மறுக்கவில்லை. விடியற்காலை தொடங்கி நடுநிசி வரை கல்லின் சூட்டில் நிற்பதைக் குறைந்த கூலிக்கு யாரும் விரும்ப மாட்டார்கள். அதைக் கடைக்காரர்கள் யோசிக்க வேண்டும். ஆனால் இன்னொரு காரணம் நம் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. எஸ்பிஎம் முடித்த பிள்ளை "நான் சமையல் கலை படிக்கப் போறேன்" என்றால் அந்த வீட்டில் எழும் அமைதியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா சேர்ந்தபோதே, "டாக்டருக்குப் படிக்கலையா?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. கரண்டி பிடிக்கிறேன் என்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

பிரான்சில் 1924 முதல் ஒரு போட்டி நடக்கிறது. 'பிரான்சின் தலைசிறந்த கைவினைஞர்' என்ற பட்டம் அதில் வழங்கப்படுகிறது. ரொட்டி சுடுபவர், இறைச்சி வெட்டுபவர், பாலாடைக்கட்டி விற்பவர், தச்சர், தையற்காரர் என எல்லாக் கைத்தொழிலுக்கும் உண்டு. வென்ற சமையற்காரர் தம் வெள்ளைச் சட்டைக் கழுத்துப்பட்டையில் கொடியின் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்று வண்ணத்தையும் வாழ்நாள் முழுதும் அணியலாம். உரிமையில்லாதவர் அணிந்தால் சட்டப்படி குற்றம். அந்தக் கழுத்துப்பட்டையோடு ஒருவர் தெருவில் போனால், பட்டதாரி எழுந்து வணக்கம் சொல்வார். கைக்கு மரியாதை கிடைத்தால், அந்தத் தொழிலுக்குள் தன் பிள்ளை போவதைத் தகப்பன் தடுக்க மாட்டான்.

நம்மால் முடியாதா? கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் தீபாவளிக் காலத்தில் எத்தனை மேடை போடுகிறோம்! ஓர் ஆண்டு அந்த மேடையில் ஒரு ரொட்டி சானாய்ப் போட்டி வையுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். மாவு, ஊறல், மடிப்பு, வெந்த பதம், சுவை என்று விதியை எழுதுங்கள். தமிழரோ, மாமாக்கோ, வங்காளதேசத்திலிருந்து வந்தவரோ, யார் கை சிறந்ததோ அவருக்குப் பரிசு கொடுங்கள். அவர் பெயரைப் பத்திரிகையில் போடுங்கள். உள்ளூர் இளைஞர்களுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் வழி சமையல் கலையில் படி ஏற வாய்ப்பிருக்கிறது. அதைத் தேர்வில் தோற்றவர் போகும் வழி என்று சொல்வதை நிறுத்துங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவின் மீன் குழம்பும் மாமியாரின் அதிரசமும் எந்த அளவில், எந்தப் பக்குவத்தில் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வையுங்கள். 'கண்ணளவு' என்று எழுதினால் பேத்திக்கு விளங்காது. எத்தனை கரண்டி, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். வாரத்தில் ஒரு வேளையாவது கைத்தொலைபேசியைத் தூர வைத்துவிட்டு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, சாப்பாட்டைப் பற்றியே பேசிச் சாப்பிடுங்கள். அதைத் தமிழில் பேசுங்கள். சுவையும் மொழியும் ஒரே நாக்கில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் காப்பாற்றியவர்களின் கதையைச் சற்று முன்புதான் கேட்டோம்.

பிரான்சுக்குப் போக எல்லாருக்கும் வசதிப்படாது. பரவாயில்லை. நாளைக் காலையில் பசியாறப் போவீர்கள் அல்லவா? கடைக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு வணக்கம் சொல்லுங்கள். கல்லுக்கு முன்னால் நிற்பவரிடம் அவர் பெயரைக் கேளுங்கள். அடுத்த நாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.